எலைட் டேஞ்சரஸ்: சரக்குக் கப்பலில் எதை முதலில் மாற்றுவது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கேயே எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டில் கோப்ரா என்ற கப்பலை விட்டு, அதைவிடப் பெரிய பைத்தானுக்கு வந்துவிட்டீர்கள். கையில் அந்த விளையாட்டின் காசு 8 கோடி கிரெடிட் இருக்கிறது. சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கொள்ளையர்கள் வழியில் மறித்து இழுத்துவிடுகிறார்கள், கப்பலும் போகிறது, சரக்கும் போகிறது. மூன்று பெரிய ஆயுத இடங்களிலும் பீம் லேசர் போட்டால் இது தீருமா என்று கேட்கிறீர்கள். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தால் ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, அதனால் வீண் அலைச்சல் இல்லாத வழி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தீராது. வியாபாரக் கப்பலுக்கு முதல் ஆயுதம் ஓட்டம். ஓடத் தெரிந்த கப்பலுக்கு அடுத்தது அடி தாங்கும் ஷீல்டு. துப்பாக்கி அதற்கும் பின்னால்தான். நீங்கள் பணத்தைத் தலைகீழ் வரிசையில் செலவு செய்யப் போகிறீர்கள். அதைத் தடுக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி இந்த விளையாட்டின் வயசுக்கே பழையது. 1984-ல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய முதல் எலைட்டிலேயே 100 கிரெடிட்டும் ஒரு கோப்ரா மார்க் 3-ம் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சரக்கு அறையைப் பெரிதாக்குவதா, லேசரை மாற்றுவதா என்று அன்றைக்கே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் வந்த எலைட் டேஞ்சரஸில் பாகங்கள் பல மடங்கு பெருகிவிட்டன, முடிவெடுப்பதும் அதற்கேற்பக் கடினமாகிவிட்டது.

முதலில் தர எழுத்துகளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாகமும் ஏ முதல் இ வரை ஐந்து தரத்தில் கிடைக்கும். ஏ என்றால் அதிகத் திறன். இ மலிவு. பி கனமானது, அடி தாங்கும். டி தான் எல்லாவற்றிலும் எடை குறைந்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஏ தரத்துக்கு மாற்றப் பார்க்கிறார்கள். வேலையின் வேகத்தையோ வலுவையோ நேரடியாகக் கூட்டாத பாகத்துக்கு டி போதும். பைத்தானின் சென்சார் இ தரத்தில் 40 டன், டி தரத்தில் 16 டன். ஒரு சின்ன மாற்றத்தில் 24 டன் இறங்கிவிடுகிறது, செலவும் பெரிதாக இல்லை. லைஃப் சப்போர்ட்டையும் அப்படியே டி தரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்பா லாரி ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே. தொப்பூர் கணவாயில் காலி வண்டியை இறக்குவது வேறு, முழு லோடோடு இறக்குவது வேறு. பைத்தானின் வெறும் உடல் 350 டன். அதில் 250 டன் சரக்கு ஏற்றினால் அது வேறு கப்பல். பாகம் மாற்றும் அவுட்ஃபிட்டிங் திரையில் ஜம்ப் ரேஞ்ச், அதாவது ஒரே தாவலில் போகும் தூரம், பல விதமாகக் காட்டும். லோடு ஏற்றிய எண்ணை மட்டும் பாருங்கள். காலிக் கப்பல் எவ்வளவு தூரம் தாவும் என்பது வியாபாரிக்கு உதவாத கணக்கு.

இப்போது செலவுக்கு வருவோம்.

முதல் பணம் ஃபிரேம் ஷிஃப்ட் டிரைவுக்கு (எஃப்எஸ்டி), கப்பலை நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவவைக்கும் இன்ஜின் அது. பைத்தானுக்கு 5-ஆம் அளவு, 5ஏ என்றால் 5-ஆம் அளவில் ஏ தரம். சாதாரண 5ஏ சுமார் 51 லட்சம் கிரெடிட். 2024 மே மாதத்துக்குப் பிறகு எஸ்சிஓ (சூப்பர்குரூஸ் ஓவர்சார்ஜ்) வகை டிரைவ் வந்திருக்கிறது, கிடைக்கிற ஸ்டேஷனில் அதையே வாங்குங்கள். அதன் ஏ தரம் பழைய 5ஏ-வைவிடத் தாவும் தூரத்திலும் மேல். அதில் இருக்கும் ஓவர்சார்ஜ் வசதியால் நட்சத்திரத்திலிருந்து ஸ்டேஷன் வரை சூப்பர்குரூஸில் (ஒரே நட்சத்திர மண்டலத்துக்குள் போகும் பயணம்) ஊர்கிற நேரம் வெகுவாகக் குறையும். பைத்தான் பழைய கப்பல் என்பதால் ஓவர்சார்ஜ் போட்டால் ஆடும், சூடாகும், எரிபொருளை விழுங்கும். சில நொடிகள் விட்டு விட்டுப் பிடியுங்கள். கொள்ளையன் உங்களை மறிக்க சூப்பர்குரூஸில் பின்னால் வந்து நிலைகொள்ள வேண்டும். அங்கே நீங்கள் இருக்கும் நேரம் குறைந்தாலே பாதிப் பிரச்சினை குறைந்தது. ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவருக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு இல்லை. 100 ஒளியாண்டு தூரத்துக்கு லோடோடு 15 ஒளியாண்டு தாவும் கப்பல் 7 தாவல் போட வேண்டும், 20 தாவும் கப்பலுக்கு 5 போதும்.

இரண்டாவது த்ரஸ்டர், கப்பலை நகர்த்தித் திருப்பும் இன்ஜின். 6ஏ சுமார் 1.6 கோடி. விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். லோடு ஏற்றிய பைத்தான் வளைந்து திரும்புவதற்கும், பூஸ்ட் (திடீர் வேகம்) அடித்து விலகுவதற்கும் இதுதான் காரணம். பூஸ்டுக்கு, ஆற்றலைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் அது நிரம்பியிருக்க வேண்டும், அதனால் 7ஏ பவர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கூடவே வாங்குங்கள், அது 1 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் ஆயுதம் போடும்போதும் லேசருக்குத் தீனி போடுவது இதே டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

மூன்றாவது ஷீல்டு. 6-ஆம் அளவு இடத்தில் ஷீல்டு வைத்தால் 64 டன் சரக்கு இடம் போய்விடும். 5ஏ வைத்தால் போவது 32 டன்தான். பைத்தானின் உடல் எடைக்கு 5ஏ நன்றாகவே பொருந்தும், விலையும் 51 லட்சம்தான். மிச்சப்படும் இடம் ஒவ்வொரு நடையிலும் காசாகும். துணைக் கருவிகளுக்கான நான்கு யூட்டிலிட்டி இடங்களில் மூன்றில் ஏ தர ஷீல்டு பூஸ்டர் வையுங்கள். ஒவ்வொன்றும் ஷீல்டு வலுவை 20 சதவீதம் கூட்டும். நான்காவதில் சாஃப், எதிரியின் குறியைக் குழப்பும் கருவி. கொள்ளையர்களில் பலர் தானாகக் குறிவைக்கும் கிம்பல் ஆயுதத்தோடுதான் வருவார்கள், சாஃப் விட்டால் அந்தக் குறி சில நொடி கலைந்துபோகும். அந்த நொடிகள் உங்களுக்குப் போதும்.

சிலர் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஷீல்டே இல்லாமல் ஓட்டுகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு உரசல் போதும் நஷ்டப்பட. இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பவர் பிளான்டை அப்புறம் பாருங்கள். 7ஏ விலை 5 கோடிக்கு மேல், கொடுப்பது 30 மெகாவாட். இ தரம் 20 மெகாவாட் கொடுக்கிறது. உங்களுக்கு இன்றைக்கு 30 தேவையா என்பதை அவுட்ஃபிட்டிங் திரையில் வலது பக்கம் வரும் பவர் கணக்கே சொல்லிவிடும். சிவப்பு காட்டாத வரை இடையில் இருக்கும் சி தரம் (25 மெகாவாட்) தாராளம். பாகங்களுக்கு 1 முதல் 5 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம். கார்கோ ஹேட்சுக்கு (சரக்கு அறைக் கதவு) 5 கொடுங்கள். ஆயுதத்தை வெளியே எடுத்ததும் பவர் போதாமல் போனால் முதலில் அது அணையும், ஷீல்டும் த்ரஸ்டரும் அணையாது. எண் மாற்றக் காசு கிடையாது, ஆனாலும் பலர் தொடுவதே இல்லை. ஏ தரம் சூட்டையும் குறைக்கும் என்பதால் பணம் சேர்ந்த பிறகு ஒருநாள் வாங்குங்கள், அவசரமில்லை.

இதுவரை கூட்டிப் பாருங்கள். டிரைவ், த்ரஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஷீல்டு நான்குக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 3.6 கோடி. மற்ற சில்லறைச் செலவெல்லாம் போனாலும் உங்கள் 8 கோடியில் கணிசமாக மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தொடாதீர்கள். கப்பல் வெடித்தால் திரும்ப வாங்கக் கட்ட வேண்டிய ரீபை, கப்பலும் பாகங்களும் சேர்ந்த மொத்த மதிப்பில் 5 சதவீதம். பைத்தான் உடல் 5.7 கோடி, பாகங்களோடு 10 கோடி என்று வைத்தால் ரீபை 50 லட்சம். சரக்குக்குக் காப்பீடு கிடையாது, போனது போனதுதான். தங்கம் மாதிரி விலை உயர்ந்த சரக்கை 250 டன் ஏற்றினால் லோடே 1 கோடிக்கு மேல் வரும். ஆகவே மூன்று ரீபைக்கான பணமும் ஒரு லோடுக்கான பணமும் எப்போதும் கையில் இருக்கட்டும். 8 கோடியையும் லேசரில் போட்டுவிட்டு ஒரு மறிப்பில் கப்பலை இழந்தவர் எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் சைட்வைண்டர் கப்பலில் இருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

மறிக்கும்போது என்ன செய்வது? நல்ல பாகங்களை வைத்துக்கொண்டும் பலர் கப்பலை இழப்பது இந்த இடத்தில்தான். இன்டர்டிக்ஷன், அதாவது மறித்து இழுப்பது, தொடங்கியதும் போராடாதீர்கள். த்ராட்டிலைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து பணிந்துவிடுங்கள். பணிந்தால் டிரைவ் சீக்கிரம் தயாராகும், போராடித் தோற்றால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஷீல்டு போய்விடும். சூப்பர்குரூஸிலிருந்து வெளியே வந்ததும், டிஸ்ட்ரிபியூட்டர் ஆற்றலைப் பிரிக்கும் ஆறு பிப்பில் (பங்கில்) நான்கை சிஸ்டத்துக்கும் (ஷீல்டு இதில் அடங்கும்) இரண்டை இன்ஜினுக்கும் கொடுங்கள். பூஸ்ட் அடித்துக் கொள்ளையனைத் தாண்டிப் போங்கள், அவன் திரும்புவதற்குள் தூரம் கிடைக்கும். அடுத்த நட்சத்திர மண்டலத்தைக் குறிவைத்துத் தாவுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கத்தில் பெரிய கப்பல் இருந்தால் மாஸ் லாக் (அதன் எடையால் வரும் தடை) உங்கள் சூப்பர்குரூஸ் டிரைவைத் தாமதப்படுத்தும், வேறு மண்டலத்துக்குத் தாவுவதை அது தாமதப்படுத்தாது. அனகோண்டா மாதிரி மிகப் பெரிய கப்பலே மறித்தாலும் இந்த வழி திறந்திருக்கும். ஆகவே கிளம்பும் முன்பே தப்பிக்க ஒரு மண்டலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லோடு இருக்கும்போது சோலோவில் (தனியாக) விளையாடுங்கள், அல்லது நண்பர்களோடு பிரைவேட் குரூப்பில். எல்லோரும் சேர்ந்து விளையாடும் ஓப்பனில் முழுக்க மேம்படுத்திய போர்க்கப்பலோடு மனிதர்களே காத்திருப்பார்கள். அவர்களுக்கு எதிராக வியாபாரப் பைத்தானில் எதைப் போட்டாலும் போதாது. தருமபுரிப் பக்கம் நாங்கள் சிலர் ஒரு பிரைவேட் குரூப்பில் ஓட்டுகிறோம். ஒருவர் லோடு ஏற்றினால் இன்னொருவர் வல்ச்சர் போர்க்கப்பலில் காவலுக்கு வருவார். தனியாகப் போவதைவிட அது எவ்வளவோ நிம்மதி, விளையாட்டும் அப்போதுதான் சுவை.

சரி, ஆயுதம். ஆசைப்பட்டுவிட்டீர்கள், அதையும் முறையாகச் செய்வோம்.

லேசர் வெப்ப வகை, குண்டு பொழியும் மல்டி கேனன் மோதல் வகை. சாதாரண ஷீல்டு வெப்பத்துக்கு 20 சதவீதம் பலவீனமானது, மோதலை 40 சதவீதம் தடுக்கும். உடல் தகடு அப்படியில்லை, மோதலுக்குத்தான் 20 சதவீதம் பலவீனம். அதனால் ஷீல்டை உரிக்க லேசர், உடலை உடைக்க மல்டி கேனன். மூன்று பீம் லேசர் மட்டும் வைத்தால் கொள்ளையனின் ஷீல்டு வேகமாகப் போகும், பிறகு உடலில் போய் மெதுவாக அறுத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் காலியாகிவிடும்.

எந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் துளைக்கும் திறன் என்று ஒரு எண் உண்டு, ஒவ்வொரு கப்பலின் தகட்டுக்கும் கடினத்தன்மை என்று ஒரு எண் உண்டு. துளைக்கும் எண் குறைவாக இருந்தால் சேதமும் அந்த விகிதத்தில் குறையும். மல்டி கேனனுக்குச் சின்ன அளவில் 22, நடுத்தரத்தில் 37, பெரியதில் 54. எதிரி இன்னொரு பைத்தான் என்றால் அதன் கடினத்தன்மை 65. நடுத்தர மல்டி கேனனின் அடியில் 57 சதவீதம்தான் இறங்கும், பெரியதில் 83 சதவீதம். ஷீல்டுக்கு இந்தக் கடினத்தன்மைக் கணக்கே கிடையாது. ஆகவே பைத்தானின் மூன்று பெரிய இடங்களை மல்டி கேனனுக்கும், இரண்டு நடுத்தர இடங்களை லேசருக்கும் கொடுங்கள். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர். எல்லாம் கிம்பலாக இருக்கட்டும். பீமைவிட பல்ஸ் லேசர் குறைவாக ஆற்றல் இழுக்கும், வியாபாரிக்கு அதுவே நல்லது. சைட்வைண்டர், கோப்ரா மாதிரி சின்னக் கப்பலில் வரும் கொள்ளையர்களை இந்த அமைப்பு தாராளமாகச் சமாளிக்கும். பெரிய கப்பல் வந்தால் மேலே சொன்னபடி தாவிவிடுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி, பாகங்களைத் திரும்ப விற்றால் வாங்கிய விலை முழுதாகக் கிடைக்கும். கப்பலை விற்கும்போதுதான் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே பழைய துப்பாக்கியை விற்றுவிட்டு மாற்றத் தயங்க வேண்டாம்.

இனி இன்ஜினியர்கள், பாகங்களை இன்னும் மேம்படுத்தித் தரும் விளையாட்டுக் கதாபாத்திரங்கள். 2016-ல் இந்த வசதி வந்தபோது பலன் குலுக்கல் மாதிரி இருந்தது, அதற்காகச் சேகரித்த பொருளைக் கொட்டினாலும் முன்பைவிட மோசமாகக்கூட வரும். 2018-ல் அதை மாற்றிவிட்டார்கள், இப்போது ஒவ்வொரு முறையும் ஏறுமுகம்தான். 2024-ல் தேவைப்படும் பொருட்களின் சுமையையும் குறைத்தார்கள். அதனால் பழைய பயத்தில் யாராவது வேண்டாம் என்றால் கேட்காதீர்கள்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவர் டெசியாட் மண்டலத்தில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்சீர். ஆய்வு ரேங்கில் ஸ்கவுட் ஆகியிருக்க வேண்டும், மெட்டா அலாய் என்ற சரக்கை ஒரே ஒரு டன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது மாயா மண்டலத்தில் டார்னியல்ஸ் புரோக்ரஸ் ஸ்டேஷனில் விற்கும். நம் ஊர் வானத்தில் கார்த்திகை மீன்கள் என்று நாம் பார்க்கிற கூட்டத்தில் ஒன்றுதான் மாயா. பயணம் நீளம், ஆனால் ஒரு முறைதான். அவரிடம் டிரைவை 5-ஆம் கிரேடு வரை ஏற்றலாம். ரேஞ்ச் கூட்டும் வகையில் கடைசிக் கிரேடில் டிரைவின் உகந்த எடை (அது சிறப்பாகத் தாவவைக்கும் கப்பல் எடை) 55 சதவீதம் கூடும். லோடு ஏற்றிய கப்பலுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. த்ரஸ்டரையும் 3-ஆம் கிரேடு வரை செய்வார். த்ரஸ்டரின் 5-ஆம் கிரேடுக்கு பேராசிரியர் பாலினிடம் போக வேண்டும். அதற்கு 5,000 ஒளியாண்டு பயணம் முதலிய நிபந்தனைகள் உண்டு. உங்கள் நேரத்துக்கு அது இப்போது வேண்டாம்.

அடுத்து டுவெல்லர், வைர்ட் மண்டலம். 5 கருப்புச் சந்தையில் வியாபாரம் செய்து 5 லட்சம் கிரெடிட் கொடுத்தால் டிஸ்ட்ரிபியூட்டரை 5-ஆம் கிரேடு வரை செய்துகொள்ளலாம். அவர் வழியாக வருகிறவர் லாக்சாக் மண்டலத்து லெய் சியுங், ஷீல்டுக்காரர். இவருடைய நிபந்தனை 50 சந்தைகளில் வியாபாரம், பிறகு 200 டன் தங்கம். வியாபாரிக்கு இது தானாகவே நிறைவேறும், 200 டன்னும் உங்கள் பைத்தானில் ஒரே நடை. இன்ஜினியரைப் பார்த்த பிறகு அவருடைய மேம்பாட்டு வரைபடம் ஒன்றைப் 'பின்' செய்து (குறித்து) வைத்தால் மற்ற ஸ்டேஷன்களிலும் அந்த வேலையைச் செய்யலாம். மேம்பாட்டின் மேல் கூடுதலாகப் போடும் எக்ஸ்பெரிமென்டல் எஃபெக்டுக்கு மட்டும் நேரில் போக வேண்டும்.

பொருட்களுக்காக ராத்திரி முழுக்கச் சுற்ற வேண்டாம். டெலிவரி மிஷனில் காசுக்குப் பதிலாகப் பொருளைப் பரிசாக எடுங்கள், மெட்டீரியல் டிரேடரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே வகைக்குள் ஒரு கிரேடு மேலே போக 6 கொடுத்தால் 1 கிடைக்கும், கீழே இறங்கினால் 1 கொடுத்தால் 3. அதனால் உயர்ந்த கிரேடு பொருளை எடுத்து வைத்துக் கீழே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

தாவும் தூரத்தைக் கூட்டும் கார்டியன் எஃப்எஸ்டி பூஸ்டர் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். நல்ல பாகம். ஆனால் பெரியதாக வாங்காதீர்கள். 5-ஆம் அளவு 10.5 ஒளியாண்டு கூட்டும், 32 டன் இடம் தின்னும். 3-ஆம் அளவு 7.75 கூட்டும், தின்பது 8 டன்தான். வியாபாரிக்கு மூன்றாம் அளவே சரி.

ஆயுதத்துக்கு வுல்ஃப் 397 மண்டலத்தில் டாட் மெக்வின் என்ற இன்ஜினியர் இருக்கிறார். 15 பவுன்டி வவுச்சர் (தேடப்படும் கப்பலை வீழ்த்தினால் கிடைக்கும் பரிசுச் சீட்டு) சேர்த்து, 1 லட்சம் கிரெடிட் மதிப்புள்ள வவுச்சரைக் கொடுத்தால் மல்டி கேனனை 5-ஆம் கிரேடு வரை செய்வார். மூன்றில் ஒன்றில் மட்டும் கொரோசிவ் ஷெல் போடச் சொல்லுங்கள், அது பட்ட தகட்டின் கடினத்தன்மை குறைந்து மற்ற துப்பாக்கிகளின் அடியும் ஆழமாக இறங்கும். மற்ற இரண்டுக்கும் ஓவர்சார்ஜ்டு மேம்பாடு (டிரைவின் ஓவர்சார்ஜ் வேறு). கடைசிக் கிரேடில் அது சேதத்தை 70 சதவீதம் கூட்டும். சூடும் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த வாரம் டிரைவும் டி தர சென்சாரும் மட்டும் மாற்றுங்கள். அடுத்து த்ரஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஷீல்டு. மாற்றி முடித்ததும் லோடு ஏற்றிய ஜம்ப் ரேஞ்ச் எவ்வளவு, ஆயுதத்தை வெளியே எடுத்தால் பவர் எத்தனை மெகாவாட் என்ற இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பவர் பிளான்டில் சி தரம் போதுமா, மூன்று மல்டி கேனனும் தாங்குமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.